தாய்லாந்து ஈசான் பக்கம் இங்கிலீஷ் டீச்சர் வேலை வந்திருக்கிறது, போகலாமா?

திண்டுக்கல்_பானு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்துவிட்டுத் திண்டுக்கல் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை பார்க்கிறேன், வயது 28. தாய்லாந்தின் வடகிழக்கில், ஈசான் பகுதியில் உள்ள ரோய் எட் மாகாணத்தில் ஓர் அரசுப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியை வேண்டுமென்று ஏஜென்ட் ஒருவர் மூலமாகத் தகவல் வந்தது. மாதம் 20,000 பாட், வாடகை நம் பொறுப்பு, ஒப்பந்தம் பத்து மாதம். முதலில் சுற்றுலாவாக உள்ளே வந்துவிடுங்கள், வேலையில் சேர்ந்த பிறகு பேப்பரை எல்லாம் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் அந்த ஏஜென்ட். அம்மாவுக்குப் பயம், அப்பா உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். சம்பளக் கணக்கைவிட எனக்குத் தெரிய வேண்டியது, அங்கே ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும் என்பதுதான். பாங்காக்கைப் பற்றி ஆயிரம் வீடியோ இருக்கிறது, ரோய் எட் மாதிரி ஊரில் பள்ளிக்கூட வேலை பார்ப்பதைப் பற்றி எங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம், நம் உச்சரிப்பைக் குறை சொல்வார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோன்கேன்_டீச்சர் எழுதியது:

பானு, ரோய் எட்டுக்கு அதிகத் தூரமில்லாத கோன் கேன் மாகாணத்தில்தான் இருக்கிறேன். சொந்த ஊர் கரூர். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை.

முதலில் அந்தச் சுற்றுலா விஷயம். தயவுசெய்து வேண்டாம். நான்-பி (Non-B) என்ற வேலைக்கான விசா எடுத்துக்கொண்டு வந்து, ஒர்க் பெர்மிட் கைக்கு வந்த பிறகுதான் வகுப்பில் கால் வைக்க வேண்டும். ஒர்க் பெர்மிட் இல்லாமல் வேலை பார்த்துப் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், அதற்கு மேல் நாடு கடத்தலும் உண்டு. பள்ளிக்கும் அபராதம் உண்டு, ஆனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியது நாம்தான். பள்ளி உண்மையிலேயே உங்களை எடுக்க நினைத்தால் விசாவுக்கு வேண்டிய கடிதங்களை அவர்களே கொடுப்பார்கள். அதை வைத்துத் தாய்லாந்து அரசின் இ-விசா தளத்தில் விண்ணப்பித்து முறையாக வாருங்கள். 'அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்பவருக்கு உங்களைப் பற்றி அக்கறை இல்லை, கமிஷன்தான் குறி.

இப்போது நீங்கள் கேட்ட சாதாரண நாள். காலை ஏழரைக்கு முன்னால் பள்ளியில் இருக்க வேண்டும். முறை வைத்து வாசலில் நின்று பிள்ளைகளை வரவேற்கும் வேலை எல்லா ஆசிரியருக்கும் உண்டு, வெளிநாட்டு ஆசிரியர் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்துவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் கைகூப்பிவிட்டுத்தான் உள்ளே போகும். எட்டு மணிக்குக் கொடியேற்றம், தேசிய கீதம், பௌத்தப் பிரார்த்தனை, அப்புறம் அறிவிப்புகள். வெயில் ஏறிவிடும், பழகிக்கொள்ள வேண்டியதுதான். திங்கட்கிழமை பல இடங்களில் தாய்லாந்து ஆசிரியர்கள் காக்கி நிற அரசு சீருடையில் வருவார்கள், நாம் ஒழுங்கான சட்டை, முழங்காலுக்குக் கீழே வரும் பாவாடை. வகுப்பு 50 நிமிடம். வாரம் இருபது வகுப்பு அளவுக்கு இருக்கும். இதில் நம் ஊர் ஆசிரியர்கள் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. பெரும்பாலும் நமக்கென்று ஒரு வகுப்பைக் கொடுக்க மாட்டார்கள். எல்லாப் பிரிவுக்கும் வெளிநாட்டு டீச்சர் வேண்டுமென்பதால் ஒவ்வொரு பிரிவையும் வாரத்துக்கு ஒரே ஒரு முறைதான் பார்ப்போம். பிரிவுக்கு நாற்பது பேர் என்று வையுங்கள், எழுநூறு எண்ணூறு பிள்ளைகள் ஆகிவிடும். இலக்கணம், பரீட்சைப் பாடம் எல்லாம் தாய்லாந்து ஆசிரியர் கையில், பேச்சும் கேட்டலும் நம் கையில்.

வகுப்பறைக்கு வெளியே செருப்பைக் கழற்றுவது, பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் குனிந்து கடப்பது, யாரையும் நோக்கிக் காலை நீட்டாமல் இருப்பது, இதையெல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், பிள்ளைகள் மேல் பாசம் வந்தாலும் தலையைத் தொடக்கூடாது.

ராஜவேல்77 எழுதியது:

நான் சுரின் மாகாணத்தில் ஏஜென்சி வழியாக வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். டீச்சர் சொன்ன விசா விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் சம்பளத்தைத் தள்ளி வைக்காதீர்கள் பானு, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பத்து மாத ஒப்பந்தம் என்றால் பன்னிரண்டு மாதத்தில் இரண்டு மாதம் சம்பளம் கிடையாது. அங்கே பள்ளி மே 16-ல் திறக்கும், முதல் பருவம் அக்டோபர் பாதிக்குள் முடியும், அடுத்தது நவம்பர் 1-ல் தொடங்கும், மார்ச்சோடு வகுப்பு ஓய்ந்துவிடும். ஆக அக்டோபரிலும் ஏப்ரலிலும் கையில் காசு வராது, வாடகை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். 20,000-ஐப் பத்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 16,700-க்குக் கீழேதான். இந்த மாதிரி ஊரில் ஓர் அறைக்கு மூவாயிரம் நாலாயிரம் போகும், கரண்ட் தனி, ஏப்ரலில் ஏசி இல்லாமல் தூங்க முடியாது. ஊருக்குள் சுற்ற பஸ் வசதி கிடையாது, இரண்டு பெஞ்ச் போட்ட சொங்தேவ் வண்டி மாலையோடு நின்றுவிடும், அதனால் ஸ்கூட்டர் கட்டாயம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அதே பள்ளியில், அதே அட்டவணையில், பி.எட். எதுவும் இல்லாத ஒருவர் இங்கிலாந்து பாஸ்போர்ட் வைத்திருந்தால் 35,000-க்கு மேல் வாங்குவார். நானும் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களும் அதில் பாதிக்கு வேலை பார்த்தோம், இங்கிலாந்துக்காரர்கள் விட்டுப் போன வகுப்பையும் சேர்த்துப் பார்த்தோம். எங்கள் ஏஜென்சிக்குப் பள்ளி எவ்வளவு கொடுத்தது, அவர்கள் எங்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது கடைசி வரை எங்களுக்குச் சொல்லப்படவே இல்லை. இது அநியாயம். போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

சேலத்துக்காரன் எழுதியது:

உச்சரிப்பைக் குறை சொல்வார்களா என்று கேட்டீர்களே, அதை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். விளம்பரத்திலேயே 'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்' என்று போடுவார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளின் பட்டியலில் இல்லாதவர்கள் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் 600 மதிப்பெண்ணோ அதற்கு ஈடான ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணோ காட்ட வேண்டும். சின்ன வயதிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவராக இருந்தாலும் இதுதான் நிலைமை. என் தங்கை பாங்காக் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தாள். நல்ல டீச்சர். போட்டோ எடுக்கும் நாளில் மட்டும் அவளைப் பின்வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள், பள்ளி விளம்பரப் பலகையில் வெள்ளைக்காரர் முகம்தான் இருக்கும். அவள் அதை வீட்டில் சொல்லி அழுதிருக்கிறாள். திறமை இருந்தால் போதும் என்று இங்கே யாராவது எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கோன்கேன்_டீச்சர் எழுதியது:

சேலத்துக்காரர் சொன்னதை நான் மறுக்கவில்லை. உங்கள் தங்கைக்கு நடந்தது எனக்குத் தெரிந்த பலருக்கும் நடந்திருக்கிறது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு பேசுகிறேன், ஆனால் இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்ல ஆளே இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு நம்மைப் போன்றவர்கள்தான் நல்ல டீச்சர். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை, வகுப்பில் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன்.

தாய்லாந்துப் பேச்சில் ஒரு சொல் ஸ் என்றோ ல் என்றோ முடியாது. கடைசி ஸ் அவர்கள் வாயில் த் ஆகிவிடும், இல்லையென்றால் விழுந்துவிடும். கடைசி ல் ந் ஆகிவிடும். சொல்லின் தொடக்கத்தில் ஸ்-ஓடு இன்னொரு மெய் சேர்ந்து வந்தால் நடுவில் ஓர் உயிரைச் செருகுவார்கள். அதனால் ஸ்கூல் என்பது சகூன் மாதிரிக் கேட்கும். ஆங்கிலத்தை மட்டும் பேசி வளர்ந்தவருக்கு இது வெறும் தப்பாகத்தான் தெரியும். திரும்பச் சொல், திரும்பச் சொல் என்று பத்து முறை சொல்லவைப்பார், பிள்ளை பத்து முறையும் அதையேதான் சொல்லும், பிறகு வாயைத் திறக்காது. நம் ஊரில் பாட்டி தாத்தா இஸ்கூல் என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எந்த இடத்தில் நாக்கு தடுக்குகிறது என்பது நமக்கு உடனே தெரியும். நான் ஸ் என்ற ஒலியை மட்டும் நீட்டச் சொல்லுவேன், பாம்பு சீறுகிற மாதிரி, கை விரல் காற்றை உணரும் வரைக்கும். அப்புறம் ஒரு மூச்சு விட்டுக் கூல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்க வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் வந்துவிடும்.

வினைச்சொல்லின் காலம், அதாவது டென்ஸ், இன்னும் கஷ்டம். தாய்லாந்து மொழியில் வினைச்சொல் மாறவே மாறாது. நேற்றுப் போ, இன்று போ, நாளைக்குப் போ, அவ்வளவுதான். பன்மைக்கும் சொல் மாறாது. அதனால் 'ஐ கோ மார்க்கெட் எஸ்டர்டே' என்று எழுதும் பிள்ளையை மந்தம் என்று நினைக்கக்கூடாது, அது தன் மொழியின் கணக்கில் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. நாமும் 'தி' எங்கே போடுவது என்று தெரியாமல் தவித்து, விதி கேட்டு, பயிற்சி செய்து கற்றவர்கள். வழி எங்கே வழுக்கும் என்று நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் வகுப்பில் 'புரிந்ததா' என்று கேட்பதை விட்டுவிடுங்கள் பானு. எல்லோரும் யெஸ் என்பார்கள். ஆசிரியர் முகம் வாடக்கூடாது என்ற மரியாதை அது. அதற்குப் பதில் ஏதாவது செய்யச் சொல்லுங்கள், எழுந்து போய் ஜன்னலைத் தொடு, பக்கத்தில் இருப்பவளிடம் பேனா கேள், அப்படி. தனியாக எழுப்பிக் கேள்வி கேட்டால் கூச்சத்தில் உறைந்துவிடுவார்கள், ஜோடியாக மெதுவான குரலில் பேசவிட்டால் அதே பிள்ளை நன்றாகப் பேசும். பெயர்களையும் சீக்கிரம் படித்துக்கொள்ளுங்கள். முழுப்பெயர் நீளமாக இருக்கும், யாரும் அதைக் கூப்பிட மாட்டார்கள், எல்லோருக்கும் சின்னதாக ஒரு வீட்டுப் பெயர் உண்டு. ஃபேர்ன், பேங்க், ஐஸ், பீர் என்றுகூட இருக்கும். எண்ணூறு பேரில் ஒரு பிள்ளையின் பெயர் நமக்கு நினைவிருந்தால் அது அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருக்கும்.

மட்டுநகரான் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் மட்டக்களப்பு, பாங்காக்கிலே தனியார் இருமொழிப் பள்ளிக்கூடம் ஒன்றிலே படிப்பிக்கிறேன். இங்கே கதை கொஞ்சம் வேறே. சம்பளம் கூட, ஆனால் பெற்றோரின் நெருக்கடியும் கூட. பிள்ளை வீட்டுக்கு வந்து இங்கிலீஷிலே கதைக்கவில்லை என்று லைன் ஆப்பிலே இரவு பத்து மணிக்குச் செய்தி வரும்.

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களிலே ஆங்கிலம் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களின்ரை முதுகிலேதான் நிற்கிறது. போன உடனே அவர்களோடு பழகுங்கோ. எந்தக் குடிவரவு அலுவலகத்திலே எந்தப் பேப்பருக்கு எத்தனை நகல் கேட்பினம் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த ஏஜென்சிக்கும் தெரியாது. ஒவ்வொரு 90 நாளுக்கும் இருப்பிடம் அறிவிக்க வேண்டும், நாங்கள் தன் வீட்டிலே தங்கியிருக்கிறோம் என்று வீட்டுக்காரர் டிஎம் 30 படிவம் பதிய வேண்டும், இதெல்லாம் நாளடைவிலே பழகிப்போகும்.

பாங்காக் வந்தால் சீலோம் வீதியிலே மாரியம்மன் கோவிலுக்கு வாங்கோ. 1879-லே தமிழர்கள் தொடங்கினது. நவராத்திரி முடிவிலே வீதியையே மறித்து ஊர்வலம் போகும், கும்பிட வாறவர்களிலே முக்கால்வாசி தாய்லாந்துச் சனம்தான். எங்கடை அம்மனுக்கு அவர்கள் மஞ்சள் செவ்வந்தி மாலை கட்டிக் கொண்டுவந்து வரிசையிலே நிற்பதைப் பார்க்கிறபோது எனக்கு இந்த ஊரிலே இருக்கலாம் என்ற தைரியம் வந்தது.

திண்டுக்கல்_பானு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பத்து மாதக் கணக்கை நான் யோசிக்கவே இல்லை, ராஜவேல் அண்ணா. இன்னும் சில கேள்விகள். நான் சைவம், முட்டைகூடச் சாப்பிட மாட்டேன். தனியாகப் பெண் இருப்பது எப்படி? மாலையில், விடுமுறையில் என்ன செய்வீர்கள்? வெறுமையாக இருக்குமா?

கோன்கேன்_டீச்சர் எழுதியது:

சாப்பாடுதான் கஷ்டம், ஒளிக்காமல் சொல்கிறேன். ஈசானில் ஒட்டும் சோறும் பப்பாளிக்காய் சோம் தாமும்தான் எல்லா இடத்திலும், பார்த்தால் சைவம் மாதிரி இருக்கும், உள்ளே மீன் சாறும் காய்ந்த இறாலும் இருக்கும். சுத்த சைவத்துக்கு இங்கே 'ஜே' என்று பெயர், அப்படியே கேளுங்கள். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடை கண்ணில் பட்டால் இறைச்சி, மீன், முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் இருக்காது என்று நம்பிச் சாப்பிடலாம். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம், நம் புரட்டாசி ஐப்பசி வாக்கில், ஒன்பது நாள் ஊரெங்கும் அந்தக் கொடிதான். மற்ற நாளில் நீங்களே சமைத்துக்கொள்ள வேண்டும். அரிசி, தேங்காய், கத்திரிக்காய், முருங்கைக்காய், புளி, கறிக்கு வேண்டிய எல்லாம் சந்தையில் கிடைக்கும். உளுந்து, துவரம்பருப்பு, பெருங்காயம், சாம்பார்பொடி ஊரிலிருந்து கொண்டு வாருங்கள். பள்ளியில் மதியம் எல்லா ஆசிரியரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். உங்கள் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தால் போதும், அடுத்த வாரம் யாராவது உங்களுக்காக மீன் சாறு போடாமல் ஒன்று செய்துகொண்டு வருவார்கள். என்னைவிட மூத்த ஆசிரியைகளை நான் 'பீ' என்றுதான் கூப்பிடுவேன், அக்கா மாதிரி. அந்த அக்காமார்தான் எனக்கு வீடு பார்த்தது, டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் மாறி மாறி உட்கார்ந்தது.

தனியாக இருப்பதில் எனக்குப் பயம் வந்ததில்லை. பயப்பட வேண்டியது ரோட்டுக்குத்தான். இந்த நாட்டில் விபத்தில் சாகிறவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வண்டிக்காரர்கள். ஹெல்மெட் இல்லாமல் வண்டி எடுக்காதீர்கள், உரிமம் இல்லாமல் எடுத்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கரும்புத் தோகையைக் கொளுத்துவார்கள், காயப்போட்ட துணி மேல் கரி விழும், மூச்சுப் பிரச்சினை இருந்தால் முகக்கவசம் வேண்டும்.

வெறுமை வரும். முதல் வருடம் வராமல் இருக்காது. கூட்டத்தில் மூன்று மணி நேரம் உட்காருவீர்கள், ஒரு சொல் புரியாது, நாளைக்குப் பள்ளி இல்லை என்ற அறிவிப்பும் அந்தக் கூட்டத்திலேயே போயிருக்கும். சனிக்கிழமை இங்கிலீஷ் கேம்ப் என்று வெள்ளிக்கிழமைதான் சொல்வார்கள். இதற்கெல்லாம் ஒரே மருந்து தாய்லாந்து மொழி படிப்பது. எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள். நெடில் குறில், க ங ச வரிசை எல்லாம் நமக்குப் பழக்கப்பட்ட ஒழுங்கில்தான் இருக்கிறது, ஐந்து தொனிதான் புதுசு. படிக்க ஆரம்பித்தால் கடைக்காரம்மா, பஸ் நிலையத்துக்காரர், பிள்ளைகளின் பாட்டிமார் எல்லோரும் உங்களோடு பேச வருவார்கள்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை வாய் க்ரு வரும், ஆசிரியரை வணங்கும் நாள். முந்தின நாள் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து வாழையிலையை மடித்துப் பூத்தட்டு செய்வார்கள். அதில் வைப்பது என்ன தெரியுமா? அருகம்புல், வெட்சிப்பூ, கத்திரிப்பூ, நெற்பொரி. அருகு எங்கே நட்டாலும் படருவது போலப் படிப்பு படர வேண்டும், வெட்சியின் மொட்டு முனையைப் போல அறிவு கூர்மையாக இருக்க வேண்டும், கத்திரிப்பூ தலை கவிழ்ந்திருப்பது போலப் பணிவு வேண்டும் என்று பொருள் சொல்வார்கள். மண்டபத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே குரலில் பாடிவிட்டு, முழங்காலில் நகர்ந்து வந்து ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் அந்தத் தட்டைக் கொடுப்பார்கள். அங்கே பாஸ்போர்ட் பார்த்து வரிசை கிடையாது. தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இங்கிலாந்து, கரூர் எல்லாம் ஒரே வரிசை நாற்காலி. சம்பளத்தில் நடக்கும் அநியாயத்தை இது சரிக்கட்டாது, அதை நான் கலந்து பேச மாட்டேன். ஆனால் நான் இங்கே தங்கியதற்கு இது ஒரு காரணம்.

நித்யா_ஹனோய் எழுதியது:

நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். வியட்நாமையும் யோசித்துப் பாருங்கள் பானு. இங்கே பெரும்பாலும் தனியார் இங்கிலீஷ் சென்டர் வேலை, மாலையும் சனி ஞாயிறும்தான் வகுப்பு, மணிக்கணக்கில் சம்பளம். கையில் காசு கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ஆனால் டீச்சர் சொல்லும் அந்தப் பள்ளிக்கூட வாழ்க்கை இங்கே சென்டரில் கிடையாது, வகுப்பு முடிந்தால் அவரவர் வழி. நான் அதைத்தான் இழந்ததாக நினைக்கிறேன்.

ராஜவேல்77 எழுதியது:

டீச்சர் எழுதியதைப் படித்ததும் எனக்கும் அந்தப் பூத்தட்டு ஞாபகம் வந்துவிட்டது, அது உண்மை. ஆனால் மதிப்பெண் விஷயத்தையும் சொல்லிவிடுவோம். வருடம் முழுக்க வகுப்புக்கே வராத பையனையும் கடைசியில் தேற்றிவிட வேண்டும். பூஜ்யம் போட்டால் மறுதேர்வு வைத்து, ஒரு தாள் ஒர்க் ஷீட் எழுதி வாங்கி, பாஸ் போட்டுக் கொடு என்பார்கள். நான் இதை எதிர்த்துப் பேசினேன், ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. கற்பிக்க வந்தவனுக்கு இது பெரிய வேதனை.

கோன்கேன்_டீச்சர் எழுதியது:

நீங்கள் எதிர்த்துப் பேசியதை மதிக்கிறேன் ராஜவேல். நான் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். வராத பையன் எங்கே இருக்கிறான் என்று தேடினால் கரும்பு வெட்டப் போயிருப்பான், அம்மா அப்பா பாங்காக் பக்கம் ஃபேக்டரியில், வீட்டில் பாட்டி மட்டும். ஈசானில் பாட்டி வளர்க்கும் பிள்ளைகள் ஏராளம். அவனை ஃபெயில் ஆக்கினால் பள்ளியை விட்டே போய்விடுவான். அதனால் மறுதேர்வை நான் சும்மா தாளாக வாங்குவதில்லை. மதிய இடைவேளையில் பத்து நாள் என்னோடு உட்கார்ந்து பேச வேண்டும், அதுதான் மறுதேர்வு. பாதிப் பேராவது எதையோ கற்றுக்கொண்டு போகிறார்கள். இதற்கு எந்த நிர்வாகமும் தடை சொல்லவில்லை.

திண்டுக்கல்_பானு எழுதியது:

ஒரு தகவல். நான்-பி விசாவுக்குக் கடிதம் கொடுங்கள், பன்னிரண்டு மாத ஒப்பந்தம் போடுங்கள் என்று ஏஜென்ட்டிடம் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை, பிறகு வேறு ஆள் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டார். வருத்தமில்லை. டீச்சர் தனிச்செய்தியில் சொன்னபடி அந்த மாகாணத்துப் பள்ளிகளின் முகநூல் பக்கங்களைத் தேடி நேரடியாக எழுதினேன். ஒரு பள்ளி வீடியோவில் மாதிரி வகுப்பு கேட்டிருக்கிறது. டோயிக் தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டேன். இப்போது என்னென்ன பேப்பர் தயார் செய்ய வேண்டும்?

கோன்கேன்_டீச்சர் எழுதியது:

நல்ல முடிவு பானு. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் இரண்டுக்கும் முதலில் மாநில அரசு சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம், கடைசியில் தாய்லாந்துத் தூதரகம், இந்த வரிசை மாறக்கூடாது. போலீஸ் சான்றிதழை பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்குங்கள். பி.எட். சான்றிதழை மறக்காமல் சேர்த்து அனுப்புங்கள். குருசபா என்ற ஆசிரியர் மன்றத்தின் உரிமம் இல்லாதவர்களுக்குத் தற்காலிக அனுமதி வாங்கித்தான் வேலை தருவார்கள், பி.எட். இருந்தால் முழு உரிமத்துக்கே வழி இருக்கிறது, சம்பளம் பேசும்போது அதைச் சொல்லிப் பேசுங்கள், கூச்சப்பட வேண்டாம். சமூகக் காப்பு நிதியில் உங்களைச் சேர்ப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதுதான் துணை. விசா நீட்டிப்புக்கு 1,900 பாட் ஆகும், யார் கட்டுவது என்று இப்போதே பேசிவிடுங்கள். ஊருக்குப் போய்வர நினைத்தால் கிளம்பும் முன் ரீ-என்ட்ரி பெர்மிட் எடுக்க வேண்டும், ஒரு முறைக்கு 1,000, பல முறைக்கு 3,800. எடுக்காமல் விமானம் ஏறினால் விசா ரத்தாகிவிடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாதிரி வகுப்புக்கு இலக்கணம் வேண்டாம். சந்தையில் காய் வாங்குகிற பேச்சு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், கையில் நிஜக் காய்களை வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் குறைவாகப் பேசுங்கள். எப்போது என்று நாள் குறித்தவுடன் எழுதுங்கள், அதற்கு முன்னால் ஒருநாள் மாலை நானே பிள்ளை மாதிரி உட்கார்ந்து கேட்கிறேன்.